காதைப் பார்த்துக் கைடு வாங்குங்கள்: ஒற்றைச் செயின் ரிங் மலைச் சைக்கிளுக்கு ஒரு வழிகாட்டி

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாதைகளில் மலைச் சைக்கிள் ஓட்டத் தொடங்கியவர்களுக்கு ஓர் ஓசை சீக்கிரமே பழகிவிடும். கல் பாவிய இறக்கத்தில் வண்டி தடதடவென்று இறங்கிக்கொண்டிருக்கும்போது பெடலைத் தாங்கும் கிராங்க் பக்கத்திலிருந்து 'டக்' என்று ஒன்று கேட்கும். இறக்கம் முடிந்து அடுத்த ஏற்றத்திற்காக மிதித்தால் பெடல் பிடிமானமே இல்லாமல் சுழலும். குனிந்து பார்த்தால் செயின், கிராங்கிலுள்ள பல்சக்கரமான செயின் ரிங்கை விட்டு விலகி, கிராங்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவே சிக்கிக் கிடக்கும். முன்பக்கம் ஒரே ஒரு செயின் ரிங் உள்ள வண்டிகளில் இதைத் தடுப்பதற்கென்று விற்கப்படும் கருவிதான் செயின் கைடு. எந்தக் கைடு வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் பிராண்டின் பெயர் எதுவும் சொல்வதில்லை. முதலில் வண்டியைக் கொண்டுவாருங்கள் என்பேன். ஏனென்றால், எந்தக் கைடு பொருந்தும் என்பதைப் பெரும்பாலும் ஃபிரேமே முடிவுசெய்துவிடுகிறது. கைடு தேவையா என்பதையோ செயினும், கியர் மாற்றும் பின் டெரெய்லரின் கிளட்சும் சொல்லிவிடுகின்றன.

செயின் ஏன் கழல்கிறது என்பது தெரிந்தால் மற்றவை எளிது. முன்பு மலைச் சைக்கிள்களில் முன்பக்கம் 2 அல்லது 3 ரிங்குகள் இருந்தன. அவற்றுக்கிடையே செயினை மாற்றிப்போடும் முன் டெரெய்லரின் கூடு, செயினின் இரு பக்கமும் வேலிபோல நின்றது. ஒற்றை ரிங் வந்தபோது அந்த வேலி போய்விட்டது. அதற்கு ஈடாக இரண்டு ஏற்பாடுகள் வந்தன. ஒன்று, 2011-இல் ஷிமானோ தன் எக்ஸ்டிஆர் வரிசையில் கொண்டுவந்த கிளட்ச் உள்ள பின் டெரெய்லர். அது தன் கூட்டை எளிதில் முன்னோக்கி ஆடவிடாமல் பிடித்துக்கொள்வதால் செயினின் கீழ்ப்பகுதி சாட்டைபோல் துள்ளுவது குறைகிறது. மற்றொன்று, 2012-இல் ஸ்ராம் எக்ஸ்எக்ஸ்1 தொகுதியோடு பரவலான, அகலப் பல்லும் ஒடுங்கிய பல்லும் மாறி மாறி அமைந்த ரிங். செயினில் வெளித்தகடு இணைப்பும் உள்தகடு இணைப்பும் மாறி மாறித்தானே வருகின்றன. வெளித்தகடுகளுக்கு நடுவே உள்ள அகன்ற இடத்தை அகலப் பல்லும், உள்தகடுகளுக்கு நடுவே உள்ள குறுகிய இடத்தை ஒடுங்கிய பல்லும் நிரப்புவதால் செயின் பக்கவாட்டில் அசைய இடமே இருக்காது. இந்த வகை ரிங்குகள் 30, 32, 34 என்று எப்போதும் இரட்டைப்படையில் வருவதற்கும் இதுவே காரணம்.

பற்களை மாற்றி வைத்துப் பிடியை உறுதியாக்கும் இந்த யோசனை நம் மலைக்குப் புதிதல்ல. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை மலை ரயிலின் பாதை நடுவே ஓடும் இரண்டு பல் பட்டைகளைப் பாருங்கள்: ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வருமாறு பதித்திருப்பார்கள், எஞ்சினின் பற்சக்கரம் எந்த நொடியும் பிடியை விடக் கூடாது என்பதற்காக. ஆனால் மலை ரயில் கற்களின் மேல் குதித்துச் செல்வதில்லை. நம் வண்டி குதிக்கிறது. அதனால்தான் நமக்குக் கைடு என்ற மூன்றாவது பாதுகாப்பு தேவைப்படுகிறது.

முதற்படி: செயினையும் கிளட்சையும் சோதியுங்கள்

தேய்ந்த செயினோடு கைடு வாங்குவது ஒழுகும் கூரைக்கு அடியில் வாளி வைப்பதைப் போன்றது. நனையாமல் இருக்கலாம், ஆனால் ஓட்டை அப்படியேதான் இருக்கும். செயினை அளக்க ஓர் இரும்பு அடிக்கோல் போதும். ஒரு பின்னின் மையத்தில் சுழியத்தை வைத்து, அங்கிருந்து 24ஆவது பின்னின் மையம் வரை அளந்தால் புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் வரும். அது 12 அங்குலத்தைத் தாண்டி பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் செயின் ஏறத்தாழ 0.5 விழுக்காடு நீண்டுவிட்டது என்று பொருள். 11, 12 கியர் செயின்களை அந்த நிலையிலேயே மாற்றிவிட வேண்டும். 9, 10 கியர் செயின்களுக்கு 0.75 விழுக்காடு வரை பொறுக்கலாம். நீண்ட செயினோடு பல மாதம் ஓட்டியிருந்தால் ரிங்கின் பற்களும் தேய்ந்து, ஒரு பக்கம் சாய்ந்த கொக்கிகளைப்போல் ஆகியிருக்கும். அகலப் பற்களின் தோள்கள் மெலிந்திருக்கும். செயினை ரிங்கின் மேல் விரலால் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். தாராளமாக ஆடினால் ரிங்கையும் சேர்த்து மாற்றுவதே நல்லது.

அடுத்தது கிளட்ச். பின் டெரெய்லரின் கூட்டைக் கையால் முன்னோக்கித் தள்ளுங்கள். நல்ல கிளட்ச் என்றால் கை கொஞ்சம் திணற வேண்டும். ஷிமானோ டெரெய்லர்களில் கிளட்சை இயக்கவும் நிறுத்தவும் ஒரு சிறு நெம்புகோல் உண்டு. பின்சக்கரத்தைக் கழற்றும்போது அதைக் கீழே தள்ளிவிட்டு, மாட்டியபின் மேலே ஏற்ற மறந்துவிடுகிறவர்கள் ஏராளம். செயின் கழல்கிறது என்று சொல்லி என்னிடம் வந்த வண்டிகளில் சிலவற்றுக்கு அந்த நெம்புகோலை ஏற்றிவிட்டதே முழு வைத்தியமாக இருந்தது. ஷிமானோ கிளட்சின் இறுக்கம் குறைந்திருந்தால் மூடியைத் திறந்து சரிசெய்ய முடியும். ஸ்ராம் டெரெய்லரில் அணைக்கும் நெம்புகோல் இல்லை. தளர்ந்துபோனால் இறுக்கவும் வழியில்லை.

செயினின் நீளத்தையும் பார்த்துவிடுங்கள். டெரெய்லருக்குள் நுழைக்காமல், முன் ரிங்கையும், பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கான கேசட்டின் மிகப்பெரிய பல்சக்கரத்தையும் சுற்றிச் செயினை இழுத்துப் பிடித்து, அதற்கு மேல் 2 இணைப்புகள் விடுவது வழக்கமான அளவு. இருபுறமும் சஸ்பென்ஷன் உள்ள வண்டியாக இருந்தால், பின்சக்கரம் கிராங்கிலிருந்து மிக அதிகத் தொலைவில் இருக்கும் நிலையில் வைத்தே இதை அளக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரிய பல்சக்கரத்தில் போய் ஒரு குழியில் இறங்கியதும் டெரெய்லர் பிய்ந்து வரும்.

இவையெல்லாம் சரியாக இருந்து, நீங்கள் ஓட்டுவது கேத்தி, லவ்டேல் பக்கத்து மண் சாலைகள்தாம் என்றால், கைடு இல்லாமலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம். அப்படி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாம்படி: ஃபிரேமில் காது இருக்கிறதா?

இந்த இடத்தில்தான் புதியவர்கள் பணத்தை இழக்கிறார்கள், நானும் இழந்திருக்கிறேன். என் முதல் ஒற்றை ரிங் வண்டிக்கு, படத்தில் அழகாக இருந்த ஒரு கைடை இணையத்தில் வரவழைத்து, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் குன்னூரில் ஒரு சைக்கிள் பட்டறைக்கு எடுத்துப்போனேன். மெக்கானிக் அண்ணன் கைடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வண்டியின் அடியில் குனிந்து பார்த்தார், பிறகு சொன்னார்: "தம்பி, காதே இல்லாத வண்டிக்குக் கம்மல் வாங்கிட்டு வந்திருக்கீங்களே!" திருப்பி அனுப்பும் கெடு முடிந்திருந்தது. அந்தக் கைடு இன்னும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது.

அவர் சொன்ன காது என்பது, கிராங்கின் அச்சு செல்லும் பாட்டம் பிராக்கெட் குழாயைச் சுற்றி, வலப்பக்கத்தில் ஃபிரேமோடு சேர்ந்தே வார்த்த அல்லது பற்றவைத்த, துளையுள்ள மூன்று புடைப்புகள். இவற்றின் இடைவெளிக்கான பொது அளவுமுறைக்கு ஐ.எஸ்.சி.ஜி. என்று பெயர். இதில் பழையது ஒன்று, ஐ.எஸ்.சி.ஜி. 05 என்ற புதியது ஒன்று என்று இரண்டு உண்டு. புதியதில் துளைகள் சற்றுப் பெரிய வட்டத்தில் அமைந்திருப்பதால் ஒன்றுக்கான கைடு மற்றதற்குப் பொருந்தாது. இன்று விற்கும் கைடுகளில் பெரும்பாலானவை 05 அளவுக்கானவை. சில ஃபிரேம்களில் மேற்பக்கம் இரண்டு காதுகள் மட்டுமே இருக்கும். மேற்கைடு மாட்ட அவை போதும், ஆனால் அடியில் கவசம் மாட்ட முடியாது. கிராங்கைக் கழற்றாமலே, ஒரு கைவிளக்கை ரிங்கின் பின்னால் பிடித்துப் பார்த்தால் காதுகள் தெரிந்துவிடும். செம்மண் அப்பியிருந்தால் முதலில் கழுவுங்கள். துளைக்குள் மண் இறுகிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, துளையே இல்லை என்று நினைத்துத் திரும்பியவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

காது இல்லாவிட்டால் வழி அடைந்துவிடவில்லை. சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாயான சீட் டியூப் உருண்டையாக இருந்தால் அதைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப் வகைக் கைடு கிடைக்கும். அது 28.6, 31.8, 34.9 மி.மீ. என்ற மூன்று விட்டங்களில் வரும். வெர்னியர் காலிப்பர் இல்லாதவர்கள் ஒரு தையல் நூலைக் குழாயைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றி, அந்த நீளத்தை அடிக்கோலில் அளக்கலாம்: சுமார் 90 மி.மீ. வந்தால் முதல் அளவு, 100 வந்தால் இரண்டாவது, 110 வந்தால் மூன்றாவது. இருபுற சஸ்பென்ஷன் வண்டிகளில் அந்த இடத்தில் குழாய் வளைந்தோ தட்டையாகவோ இருக்கக்கூடும். அங்கே கிளாம்ப் பிடிக்காது. கார்பன் ஃபிரேம் என்றால், கிளாம்ப் போடலாம் என்று ஃபிரேமின் கையேடு சொன்னால் மட்டும் போடுங்கள். அளவுக்கு மீறி இறுக்கிய கிளாம்ப் கார்பன் குழாயை நசுக்கிவிடும்.

முன் டெரெய்லர் பொருத்துவதற்கென்று ஃபிரேமிலேயே திருகுத் துளைகள் உள்ள வண்டிகளும் உண்டு. அந்தத் துளைகளையே பயன்படுத்தும் கைடுகள் தனியாக விற்கின்றன. இவை எதுவுமே இல்லையென்றால் கடைசி வழி, கிராங்க் அச்சின் பேரிங்கைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட் கிண்ணத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவே ஒரு தகட்டை வைத்து இறுக்குவது. கிண்ணம் மறையால் திருகப்பட்டிருந்தால்தான் இது நடக்கும். அழுத்தி நுழைக்கப்பட்ட கிண்ணத்தில் நடக்காது. தகடு நடுவே வருவதால் அந்தப் பக்கத்தில் உள்ள 2.5 மி.மீ. வாஷர் ஒன்றை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் இறுக்கினால் கிராங்க் தள்ளி உட்கார்ந்து, செயின் ஓடும் நேர்க்கோடே மாறிவிடும். மேலும், காதின் திருகுகள் கொடுக்கும் பிடி இந்தத் தகட்டுக்கு வராது. பலமாக ஒரு கல்லில் அடிபட்டால் தகடு அப்படியே சுழன்றுவிடும். ஆகவே இதை மேற்கைடுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கவசத்துக்கு வேண்டாம்.

பார்த்ததை ஒரு தாளில் எழுதி, வண்டியின் அந்தப் பகுதியை இரண்டு படமும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மலையில் சாமான் கிடைக்காமல் கோயம்புத்தூர் வரை பேருந்தில் இறங்கி, தவறான அளவோடு மறுபடி மலையேறுவது ஒரு முழு நாளைத் தின்றுவிடும்.

மூன்றாம்படி: எவ்வளவு கைடு வேண்டும்?

வகைகள் பலவாகத் தோன்றினாலும் கேள்வி ஒன்றே: மேலே மட்டுமா, கீழேயும் வேண்டுமா?

முன்னோக்கி மிதிக்கும்போது செயின் ரிங்கின் உச்சியில்தான் பற்களோடு சேர்கிறது. துள்ளிய செயின் பல்லின் மேல் சரியாக உட்காராமல் பக்கத்தில் இறங்கினால், அடுத்த மிதியில் முழுச் செயினும் அதைப் பின்தொடர்ந்து வெளியேறிவிடும். மேற்கைடு அந்தச் சேருமிடத்தில் செயினின் இரு பக்கமும் நின்று, இறங்க விடாமல் தடுக்கிறது. அவ்வளவு சிறிய பொருள் அது; எடையும் பொருட்படுத்தத் தக்கதல்ல; செயினைத் தொடாமல் நிற்பதால் மிதிப்பதற்கும் பாரமில்லை. அகல-ஒடுங்கல் ரிங்கும் கிளட்சும் உள்ள வண்டிக்கு, நீலகிரியில் பெரும்பாலோருக்கு, மேற்கைடு மட்டுமே போதும் என்பது என் கருத்து.

கீழ்க்கைடு, அதாவது ரிங்கின் அடியில் செயினை அணைத்துப் பிடிக்கும் உருளையோ சறுக்கு அச்சோ, இறக்கப் பந்தயக்காரர்களுக்கானது. அவர்கள் வண்டியை மேலே ஏற்றிச்செல்ல ஜீப் இருக்கும். நமக்கோ ஒவ்வோர் இறக்கத்தின் அடியிலும் ஓர் ஏற்றம் காத்திருக்கிறது. உருளையின் இழுவையும் அதன் 'கிர்ர்' ஓசையும் அங்கே கால்களுக்குத் தெரியும். இன்னொரு காரணம் நம் மரங்கள். கற்பூர மரத் (யூகலிப்டஸ்) தோப்புக்குள் ஓட்டியவர்களுக்குத் தெரியும், நாடா நாடாவாக உரிந்து கிடக்கும் அந்தப் பட்டை எப்படி டெரெய்லரில் சுற்றிக்கொள்ளும் என்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதோடு செம்மண்ணும் சேர்ந்தால், கீழ் உருளையுள்ள கைடு அரை மணி நேரத்தில் களிமண் உருண்டையாகிவிடும். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர்ப் பக்கமும் இதே கதைதான். அடிப்பக்கம் திறந்த கைடுதான் இங்கே சேற்றைத் தானாக உதிர்க்கும்.

அடிக்கவசம் வேறு விஷயம். பேஷ் கார்டு என்று கடையில் கேட்டால் தருவார்கள். தோட்டப் பாதைகளில் கல் படிகளும் குறுக்கே ஓடும் கல் வாய்க்கால்களும் உண்டு. முன்சக்கரம் தாண்டியபின் ரிங் போய் அதன் விளிம்பில் இடிக்கும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிராங்க் அச்சு தரையிலிருந்து 34 செ.மீ. உயரத்தில் இருந்தால், 32 பல் ரிங்கின் அடிவிளிம்பு செயினோடு சேர்த்துச் சுமார் 27 செ.மீ. உயரத்தில் இருக்கும்; ஆள் ஏறி உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் அமுங்கி அதிலும் சில செ.மீ. குறையும். படி இறங்கும் பாதைகளில் வாரந்தோறும் ஓட்டுகிறவர் என்றால், மேற்கைடும் அடிக்கவசமும் ஒரே தகட்டில் வரும் வகையை வாங்குங்கள். அதற்குக் காது கட்டாயம். மற்றவர்கள் அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல செயின் வாங்கிக்கொள்ளலாம்.

காப்புக்காடுகளுக்குள் வனத்துறை அனுமதியின்றி ஓட்டக் கூடாது என்பதால், இங்கே புதியவர்கள் ஓட்டப்போவது ஊர்ச்சாலைகளிலும், உரியவரைக் கேட்டுக்கொண்டு நுழையும் தோட்டப் பாதைகளிலும்தான். அந்தத் தரைக்கு ஏற்றதையே மேலே சொல்லியிருக்கிறேன்.

வாங்கும்போது மூன்று விவரங்களை ஒப்பிடுங்கள். கைடின் மேல் 28 முதல் 34 பல் வரை என்பதைப்போல ஒரு வரம்பு எழுதியிருக்கும். உங்கள் ரிங் அதற்குள் இருக்க வேண்டும், நாளை ஏற்றத்துக்காக 32-இலிருந்து 30-க்கு இறங்கினாலும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். முட்டை வடிவ ரிங் வைத்திருப்பவர்கள் அதற்கும் பொருந்தும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு செயின் கோடு, அதாவது ஃபிரேமின் நடுவிலிருந்து ரிங் நிற்கும் தூரம். பூஸ்ட் என்ற அகன்ற ஹப் அளவுள்ள வண்டிகளில் இது 52 மி.மீ. அல்லது 55 மி.மீ. என்று வரும், பழையவற்றில் 49-ஐ ஒட்டி இருக்கும். கைடோடு வரும் வாஷர்கள் அந்தத் தூரத்தை எட்டுமா என்பது பெட்டியில் போட்டிருக்கும்.

நான்காம்படி: மாட்டுதல்

வண்டி ஸ்டாண்டு இல்லாதவர்கள் சீட்டை ஒரு கயிற்றில் தாழ்வாரத்து விட்டத்தில் தொங்கவிடலாம். பின்சக்கரம் தரையைத் தொடாமல் சுழன்றால் சரி. காதுத் துளைகளைப் பழைய பல் துலக்கியால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். சில மேற்கைடுகளைக் கிராங்கைக் கழற்றாமலே மாட்டலாம், அடிக்கவசம் உள்ளவற்றுக்குப் பெரும்பாலும் கழற்ற வேண்டியிருக்கும். திருகின் நுனியில் நீல நிற மறைப்பசை (த்ரெட்லாக்கர்) ஒரு துளி இட்டு, முதலில் விரலாலேயே ஏற்றுங்கள். ஆலன் கீயை எடுத்தவுடன் முறுக்கினால் காதின் மறை அழிந்துபோகும், அதைச் சரிசெய்வது எளிதல்ல.

இப்போது செயினைக் கேசட்டின் நடுப் பல்சக்கரத்தில் போட்டு, கைடின் இரு சுவர்களுக்கும் நடுவே செயின் வருமாறு வாஷர்களைச் சேர்த்தோ எடுத்தோ சரிசெய்யுங்கள். உயரத்துக்கு எளிய அளவுகோல் உண்டு: கைடின் மேற்கூரைக்கும் செயினுக்கும் நடுவே 2 முதல் 3 மி.மீ. இடைவெளி. ஓர் ஆலன் கீயையே, 2.5 மி.மீ. கீயை, இடையில் செருகிப் பார்க்கலாம். முட்டை வடிவ ரிங்கில் அதன் உயர்ந்த பகுதி மேலே வரும்படி கிராங்கைத் திருப்பிவிட்டு இந்த இடைவெளியை வையுங்கள். ரிங்கை எப்போது மாற்றினாலும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும், ஏனெனில் 2 பல் கூடினால் ரிங்கின் ஆரம் ஏறத்தாழ 4 மி.மீ. வளர்ந்துவிடும், பழைய இடைவெளியை அது முழுதாக விழுங்கிவிடும்.

பிறகு மிகச் சிறிய பல்சக்கரத்திலிருந்து மிகப் பெரிய பல்சக்கரம் வரை ஒவ்வொரு கியராக மாற்றிக்கொண்டே கிராங்கை மெதுவாகச் சுழற்றிக் காதுகொடுத்துக் கேளுங்கள். இரு கோடிக் கியர்களில் செயின் சுவரை மிக இலேசாக உரசுவது பெரிய குறையல்ல. நடுக் கியர்களில் உரசினால் வாஷர் கணக்கு தவறு. பின்னோக்கியும் சில சுற்று மிதித்துப் பாருங்கள். சஸ்பென்ஷன் வண்டியில் பின் ஷாக்கின் காற்றை இறக்கிவிட்டு, சீட்டை முழுதும் அமுக்கி, பின்சக்கரத்தைத் தாங்கும் ஃபிரேமின் பின்பக்கக் கை, கைடில் எங்கேனும் இடிக்கிறதா என்று பாருங்கள். இதைத் தாழ்வாரத்திலேயே பார்த்துவிடுவது, லேம்ப்ஸ் ராக் சாலையிலிருந்து கீழே இறங்கும்போது கண்டுபிடிப்பதைவிட மேலானது. காற்றை மறுபடி உங்கள் எடைக்கேற்ற அளவுக்கு நிரப்ப மறக்காதீர்கள். திருகுகளின் இறுக்கத்துக்குக் கைடின் தாளில் போட்டிருக்கும் எண்ணையே பின்பற்றுங்கள்.

இறுக்கிய திருகின் தலையிலிருந்து தகடு வரை மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவையுங்கள். திருகு தளர்ந்தால் கோடு உடைந்து தெரியும். முதல் மூன்று சவாரிகளுக்குப் பின் அந்தக் கோட்டைப் பாருங்கள். கைடின் உட்சுவரையும் பாருங்கள். இரு சுவரிலும் ஒரே மாதிரி மெல்லிய கறை இருந்தால் பொருத்தம் சரி. ஒரு சுவரில் மட்டும் பள்ளம் விழத் தொடங்கியிருந்தால் கைடு அந்தப் பக்கமாக நகரும்படி ஒரு மெல்லிய வாஷரைச் சேர்த்தாலோ எடுத்தாலோ போதும். அதன் பிறகும் செயின் கழன்றால் கைடைத் திட்ட வேண்டாம்; டெரெய்லர் தொங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறதா என்று பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்.